அளந்து செய்த நாற்காலி, அதன் முன்னால் ஒரு மோட்டார்: நியோஃப்ளை, நியோபோல்ட் இரண்டையும் இரண்டாண்டுகள் ஓட்டிய பின் எழுதும் மதிப்புரை

நியோமோஷன் நிறுவனத்தின் நியோஃப்ளை சக்கர நாற்காலியையும், அதன் முன்புறத்தில் மாட்டிக்கொள்ளும் நியோபோல்ட் என்ற மோட்டார் இணைப்பையும் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் பயன்படுத்தி வருகிறேன். வாங்குவதற்கு முன் நான் தேடிப் படித்தவற்றில் பெரும்பாலானவை வெளியீட்டு நாளின் செய்திக் குறிப்புகளாகவே இருந்தன. ஓராண்டு ஓட்டிய ஒருவர், தெருவும் பள்ளமும் மழையும் உள்ள ஒரு சிறு நகரத்தில் ஓட்டிய ஒருவர், நிதானமாக எழுதிய எதுவும் எனக்கு அப்போது கிடைக்கவில்லை. அப்படி ஒன்றைத் தேடும் அடுத்தவருக்குப் பயன்படட்டும் என்றே இதை விரிவாக எழுதுகிறேன்.

என் உடல்நிலையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சக்கர நாற்காலியைப் பற்றிய எந்தக் கருத்தும் அதைச் சொல்பவரின் உடலைப் பொறுத்ததே. 2016-ஆம் ஆண்டு நடந்த சாலை விபத்தில் நெஞ்சுப் பகுதி முதுகெலும்பின் பத்தாவது கணுவில் என் தண்டுவடம் நசுங்கியது. இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்வும் இல்லை. கைகள் இரண்டும் முழு வலுவோடு இருக்கின்றன. கும்பகோணத்தில் அரசலாற்றுக்குத் தென்புறம் அம்மாவோடும் அண்ணன் குடும்பத்தோடும் வசிக்கிறேன். ஆற்றுக்கு வடக்கே ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு மூன்றரை கிலோமீட்டர்.

விபத்துக்குப் பின் முதல் ஏழு ஆண்டுகள் நான் உட்கார்ந்திருந்தது மருத்துவமனைகளில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்த மடக்கு நாற்காலி. அடியில் பெருக்கல் குறிபோல இரண்டு குழாய்கள் குறுக்கே செல்லும் அந்த அமைப்பு, 1933-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்பவரும் ஹாரி ஜென்னிங்ஸ் என்பவரும் சேர்ந்து உருவாக்கியது. எவரெஸ்ட் சுரங்க விபத்தில் முதுகு முறிந்தவர். தம் நண்பரான பொறியாளரோடு சேர்ந்து, காரில் மடித்து ஏற்றிச் செல்லத்தக்க நாற்காலி ஒன்றைத் தமக்கென்று செய்துகொண்டார். தன் விருப்பம்போல வெளியே போய்வர ஒருவர் தமக்காகச் செய்துகொண்ட பொருள், பின்னாளில் எல்லா உடலுக்கும் ஒரே அளவில், தாழ்வாரத்தில் நோயாளியைத் தள்ளிச் செல்லும் தள்ளுவண்டியாக மாறிப்போனது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் செய்தி.

ஒரே அளவு என்பதன் விலையை என் உடம்பு கொடுத்தது. கடையில் எனக்குக் கொடுத்த நாற்காலியின் இருக்கை 18 அங்குல அகலம். எனக்கு வேண்டியது 15. மூன்று அங்குலம் என்பது கேட்பதற்குச் சிறிய கணக்கு. ஆனால் அந்த இடைவெளியில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது, சாயும் பக்கத்து இடுப்பெலும்பின் மீது எடை முழுவதும் இறங்குகிறது, அந்த இடத்தில் உணர்வு இல்லாததால் வலி எச்சரிப்பதில்லை. 2018-ல் எனக்கு வந்த அழுத்தப்புண் ஆறுவதற்கு மூன்று மாதங்கள் குப்புறப் படுத்திருந்தேன்; அந்தப் பருவம் முழுவதும் என் வகுப்புகளை வேறொருவர் எடுத்தார். இருக்கை அகலமானால் சக்கரங்களும் விலகிப் போகும், கைகளை அகல விரித்துத்தான் தள்ள வேண்டும். பெரிய சக்கரத்தின் அச்சு முதுகுக்கு வெகு பின்னால் இருந்ததால், ஒவ்வொரு தள்ளலுக்கும் தோள்பட்டையைப் பின்னுக்கு இழுத்துத் தள்ள வேண்டியிருந்தது. தண்டுவடக் காயமுற்றோரில் பலருக்குச் சில ஆண்டுகளிலேயே தோள்வலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எங்களுக்குத் தோள்தான் கால். அது பழுதானால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் நின்றுபோகும்.

அந்த நாற்காலியை விற்ற கடையின் பெயர் இங்கே தேவையில்லை. அளவு கேட்காமல், பயன்படுத்துபவர் யார் என்றும் கேட்காமல், அண்ணனிடம் பணம் வாங்கிக்கொண்டு ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தனுப்பினார்கள். ஆறு மாதத்தில் முன்சக்கரத்தின் தாங்கி உடைந்தபோது, உதிரிப்பாகம் வருவதில்லை, புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வெல்டிங் பட்டறையில் ஒட்டவைத்து ஓட்டினேன்.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டுதலில், ஒரு நாற்காலி ஒருவரிடம் சேர்வதற்கு எட்டுப் படிகள் சொல்லப்பட்டுள்ளன. பரிந்துரைத்து நேரம் குறிப்பது, உடலையும் வாழ்க்கையையும் மதிப்பிடுவது, ஏற்ற நாற்காலியைக் குறித்துக் கொடுப்பது, நிதி ஏற்பாடும் கொள்முதலும், பொருளைத் தயார்செய்வது, உட்காரவைத்துப் பொருத்திப் பார்ப்பது, பயிற்சி, பின் பராமரிப்பும் தொடர்கவனிப்பும். நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது இவற்றில் ஒன்றே ஒன்றுதான். பணம் கொடுத்துப் பொருளை வாங்குவது. ஆகவே எந்த நாற்காலியையும் மதிப்பிடும்போது இரும்பையும் அலுமினியத்தையும் மட்டும் பார்க்காமல், இந்த எட்டில் எத்தனை நடந்தன என்று பார்ப்பதே சரியான அளவுகோல் என்று நினைக்கிறேன்.

நியோஃப்ளையை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அளவெடுப்பு. இடுப்பின் அகலம், தொடையின் நீளம், முழங்காலிலிருந்து குதிகால் வரை உள்ள உயரம், முதுகில் எந்த இடம் வரை தாங்கல் வேண்டும் என்பவற்றை உடலியக்கச் சிகிச்சையாளர் ஒருவர் எடுத்துக் குறித்தார். இவற்றோடு, வீட்டின் வாசல்கள் எத்தனை அகலம், கட்டில் எத்தனை உயரம், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் நாற்காலியில் இருப்பேன், கழிவறைக்குள் எந்தப் பக்கமாகத் திரும்ப வேண்டும் என்பனவும் கேட்கப்பட்டன. விபத்துக்குப் பின் ஏழு ஆண்டுகளில் என் வாழ்க்கையைப் பற்றி ஒரு பொருளை விற்பவர்கள் கேட்டது அதுவே முதல் முறை. அம்மா பக்கத்திலிருந்து, “இதெல்லாமா கேப்பாங்க?” என்று வியந்தது நினைவிருக்கிறது.

இந்த நாற்காலி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் தலைமையில் இயங்கும் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மற்றும் கருவி மேம்பாட்டு மையத்தில் உருவான ஆய்வே நியோஃப்ளை, நியோபோல்ட் இரண்டுக்கும் அடிப்படை. அங்கிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனம் இவற்றை 2021 ஆகஸ்டில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே மையம் அதற்கு முன்பே, 2019-ல், உட்கார்ந்தவர் தாமே எழுந்து நிற்கத்தக்க ‘அரைஸ்’ என்ற நாற்காலியை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்டிருந்தது. 2025-ல் ஒன்பது கிலோ எடையே உள்ள ‘ஒய்டி ஒன்’ என்ற நாற்காலியும் அங்கிருந்து வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து லட்சக்கணக்கில் கொடுத்து வரவழைக்க வேண்டியிருந்த தரத்தை, நம் உடலளவுக்கும் நம் தெருவுக்கும் பொருத்திச் செய்யும் இடம் ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது என்பது எனக்குப் பெருமை தரும் செய்தி.

நாற்காலி வந்த முதல் வாரம் நான் பழகியது உட்காருவதற்குத்தான். ஏழு ஆண்டு சாய்ந்தே உட்கார்ந்த உடம்புக்கு நேராக இருப்பது புதிதாக இருந்தது. தொடைகள் இரண்டும் முழு நீளத்துக்கும் இருக்கையில் படிந்தன; முழங்காலுக்குப் பின்னால் மூன்று விரல் இடைவெளி; கால்மிதி சரியான உயரத்தில் இருந்ததால் பாதங்கள் வழுக்கி விழவில்லை. கையைத் தொங்கவிட்டால் விரல்நுனி சக்கரத்தின் அச்சைத் தொட வேண்டும் என்பது பொருத்தம் பார்க்கும் ஒரு எளிய வழி. என் விரல் தொட்டது. ஒரு தள்ளலில் எத்தனை தூரம் உருள்கிறது என்பதை வீட்டுக் கூடத்தில் சோதித்துப் பார்த்தேன். பழைய நாற்காலியில் கூடத்தைக் கடக்க ஏழு தள்ளல்கள், இதில் மூன்று. கரும்பலகைக்கும் முதல் வரிசை மேசைக்கும் இடையே, யாரையும் நகரச் சொல்லாமல் ஒரே சுற்றில் திரும்ப முடிகிறது. வகுப்பில் இது எத்தனை பெரிய விஷயம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் நான் எழுதித் திரும்பும் வரை பிள்ளைகள் காத்திருந்தார்கள். இப்போது பாடம் நிற்பதில்லை.

மெத்தையைப் பற்றி ஒரு வார்த்தை. எத்தனை நல்ல நாற்காலியானாலும் அழுத்தத்தைப் பரப்பும் மெத்தை இல்லாமல் அதில் உட்காரக் கூடாது. உணர்வில்லாதவர்கள் அரைமணி நேரத்துக்கு ஒரு முறையாவது முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ இரண்டு நிமிடம் எடையை மாற்றிக்கொள்ள வேண்டும். அளந்து செய்த நாற்காலி வந்துவிட்டது என்பதற்காக இந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். தெருக் குலுக்கலில் மெத்தை நகர்ந்துவிடுகிறதா என்றும் நாள்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி நியோபோல்ட். ஒற்றைச் சக்கரம், அதனோடு கைப்பிடி, ஆக்சிலேட்டர், பிரேக், விளக்கு, ஹாரன், லித்தியம் அயான் பேட்டரி ஆகியவை சேர்ந்த ஓர் அமைப்பு இது. நாற்காலியின் முன்னால் கொண்டுவந்து மாட்டினால் முன்னிரு சிறு சக்கரங்களும் தரையைவிட்டு எழும்பி, நாற்காலி முச்சக்கர வண்டியாகிவிடுகிறது. பின்னோக்கிச் செல்லவும் வசதி உண்டு. மணிக்கு அதிகபட்சம் 25 கிலோமீட்டர் வேகம், ஒரு முறை சார்ஜ் செய்தால் 25 கிலோமீட்டர் வரை ஓடும் என்பது நிறுவனத்தின் அறிவிப்பு. என் போக்குவரத்து நாளொன்றுக்கு ஏழெட்டு கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை என்பதால் அந்த எல்லையை நான் சோதித்ததில்லை. இரவில் கைப்பேசியைப் போல இதையும் சார்ஜில் போட்டுவிடுகிறேன். வேகத்தையும் முழுவதும் பயன்படுத்துவதில்லை. நம் தெருவில் 12, 15 கிலோமீட்டர் வேகமே போதுமானது. அதற்கு மேல் போனால் பள்ளத்தைக் கண்டு ஒதுங்க நேரம் கிடைக்காது.

மாட்டுவதையும் கழற்றுவதையும் நாற்காலியில் அமர்ந்தபடியே நானே செய்கிறேன் என்பதைத்தான் இந்தக் கருவியின் முதன்மைச் சிறப்பாகச் சொல்வேன். மூன்று சக்கர ஸ்கூட்டரையும் நான் எண்ணிப் பார்த்ததுண்டு. பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரை அரசே பலருக்கு வழங்குகிறது. ஒரு காலிலோ இரு காலிலோ பலம் குறைந்தவர்களுக்கும், ஊன்றுகோலோடு நடப்பவர்களுக்கும் அது அருமையான வாகனம். ஆனால் என் போன்றவர் ஸ்கூட்டரில் போய் இறங்கும் இடத்தில் இன்னொரு நாற்காலி காத்திருக்க வேண்டும், அதில் மாற்றிவிட ஒருவரும் வேண்டும். நியோபோல்டில் போய்ச் சேர்ந்ததும் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அதே நாற்காலியில், அதே உட்காரலில் வகுப்புக்குள் போய்விடுகிறேன்.

இந்த வசதியின் பொருள் என்ன என்பதை என் பழைய நாள் ஒன்றைச் சொன்னால்தான் விளங்கும். பள்ளிக்குப் போக ஆட்டோ. அண்ணன் என்னைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைப்பார். நாற்காலியை மடித்துப் பின்னால் கட்டுவார்கள். பள்ளியில் இறக்கிவிட ஆட்டோக்காரரும் காவலாளியும். இருவரும் நல்லவர்கள், என்னிடம் மிகுந்த மரியாதை உள்ளவர்கள். ஆயினும், காலையும் மாலையும் பிறர் கைகளில் தூக்கப்படுவதை, அதுவும் ஒரு பெண், தன் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில், ஏழு ஆண்டுகள் ஏற்றுக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் என்றால் எனக்கு விடுப்பு. மாலை ஆசிரியர் கூட்டம் நீண்டால் வாசலில் ஆட்டோ காத்திருப்பதை நினைத்துப் பேச்சைச் சுருக்கிக்கொள்வேன். வழியில் புத்தகக் கடையைக் கண்டால் நிறுத்தச் சொல்ல மாட்டேன். மீண்டும் இரண்டு பேர் தூக்க வேண்டுமே என்ற தயக்கம்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007-ல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 20-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் தாம் விரும்பும் விதத்தில், தாம் விரும்பும் நேரத்தில், கட்டுப்படியாகும் செலவில் இடம்பெயர வழிசெய்ய வேண்டும் என்கிறது. இதில் ‘விரும்பும் நேரத்தில்’ என்ற தொடரை எழுதியவர்கள், யாரையாவது எதிர்பார்த்துக் காத்திருந்தவர்களாகவோ, காத்திருந்தவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவர்களாகவோதான் இருக்க வேண்டும். இந்த இரண்டு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்தது அந்த நேரமே. போன மாதம் ஒரு மாலை, பள்ளி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் மகாமகக் குளத்தைச் சுற்றிக்கொண்டு போய், காய்கறிக் கடையில் நானே பார்த்துப் பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பொறுக்கி எடுத்து, விலை பேசி வாங்கி வந்தேன். அம்மா கத்தரிக்காயைப் பார்த்துவிட்டு, “யாரு வாங்கினது?” என்று கேட்டார். பழைய ஆட்டோக்காரர் இப்போதும் வழியில் கண்டால், “டீச்சர், மழை வந்தா போன் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார். மழை நாட்களில் அழைக்கவும் செய்கிறேன். விரும்பி அழைப்பது வேறு, வேறு வழியின்றி அழைப்பது வேறு.

குறைகளும் எல்லைகளும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானவை. முதலாவது, இது திறந்த வண்டி. வெயிலும் மழையும் நேராக மேலே விழும். பேட்டரியில் ஓடும் எதையும் தேங்கிய நீரில் இறக்கக் கூடாது என்ற விதியை வைத்துக்கொண்டு, ஐப்பசி, கார்த்திகையில் நான் ஆட்டோவுக்கே திரும்பிவிடுகிறேன். இரண்டாவது, முன்சக்கரத்தால் இழுக்கப்படும் இவ்வகை வண்டிகளில் எடையின் பெரும்பகுதி பின்சக்கரங்களில் இருப்பதால், செங்குத்தான ஏற்றத்திலும் மணலிலும் முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். அரசலாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் நன்றாகக் குனிந்து ஓட்டுகிறேன். நேராக நிமிர்ந்து உட்கார்ந்தால் சக்கரம் சரளைக்கல்லில் சுழலுவது கையில் தெரியும். மூன்றாவது, இதற்குக் கைப்பிடியைப் பற்றும் வலுவும், உடலை நிலைநிறுத்தும் கட்டுப்பாடும் வேண்டும். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு விரல்களில் பிடிப்பு இல்லாதவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், ஓட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. அவர்களில் பலருக்குக் குச்சிபோன்ற ஜாய்ஸ்டிக்கை அசைத்தால் நகரும் முழு மின்நாற்காலியே ஏற்றது. நான்காவது, போய்ச் சேர்ந்த இடத்தில் கழற்றிய மோட்டாரைப் பாதுகாப்பாக நிறுத்த ஓர் இடம் வேண்டும். பள்ளியில் மிதிவண்டிக் கொட்டகையின் தூணில் சங்கிலி போட்டுப் பூட்டிவைக்கிறேன். கடைத்தெருவில் கழற்றாமல் அப்படியே உள்ளே போக முயன்றால் வண்டி நீளமாக இருப்பதால் திரும்ப இடம் கிடைப்பதில்லை.

பயிற்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்காலியைப் பின்சக்கரங்களில் நிறுத்திச் சமன்செய்வது, ஒரு சிறு மேட்டை ஏறுவது, கவிழ்ந்தால் எப்படி விழுவது, விழுந்த பின் எப்படி எழுவது என்பனவற்றைக் கற்காமல் மோட்டாரை மாட்டக் கூடாது. இத்தகைய பயிற்சிக்கு நம் மாநிலத்தில் நல்ல மரபு இருக்கிறது. 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர். அவருடைய முயற்சியால் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966-ல் பாகாயத்தில் தொடங்கியது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் தண்டுவடக் காயமுற்றோருக்கான மறுவாழ்வுப் பணியைச் செய்கிறது. இரண்டையும் தொடங்கியவர்கள் நாற்காலியில் இருந்தவர்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. நாற்காலி வாங்கப் பணம் சேர்க்கும் குடும்பங்கள், அதே நேரத்தில் சில வாரப் பயிற்சிக்கான ஏற்பாட்டையும் செய்துவிட்டால், கருவி வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்காது.

விலைக்கு வருகிறேன். 2021 வெளியீட்டின்போது நியோஃப்ளை ரூ.39,900 என்றும் நியோபோல்ட் ரூ.55,000 என்றும் அறிவிக்கப்பட்டது. இப்போதைய விலையை நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். மாதச் சம்பளமுள்ள எனக்கே இது பெருந்தொகை. கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, பதினெட்டு மாதத் தவணையில் அடைத்தேன். ஆட்டோவுக்கு மாதந்தோறும் நான் கொடுத்துவந்த தொகையைக் கணக்கிட்டால், இரண்டே ஆண்டுகளில் முதல் திரும்பிவிட்டது. ஆனால் வேலையில்லாதவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வேலைக்குப் போகவே இந்த நாற்காலி வேண்டும், இந்த நாற்காலி வாங்க வேலை வேண்டும். அரசின் வழியாகச் சக்கர நாற்காலிகளும் பேட்டரி நாற்காலிகளும் வழங்கப்படுகின்றன. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அங்கும் அளவெடுத்துப் பொருத்தித் தரும் முறை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதே என் விருப்பம். பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி வழியாக இவற்றைப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, எந்த நாற்காலியாலும் தீராத ஒன்று படி. எங்கள் வீடு திண்ணை வைத்த பழைய வீடு. தெருவிலிருந்து மூன்று படிகள், ஒவ்வொன்றும் ஆறு அங்குலம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட கணக்கு. அதன்படி பதினெட்டு அங்குல உயரத்துக்குப் பதினெட்டு அடி நீளம் வேண்டும். நேராகக் கட்டினால் பாதித் தெரு போய்விடும். ஆகவே திண்ணையின் ஒரு பக்கத்தை இடித்து, சுவரை ஒட்டியே பக்கவாட்டில் சாய்தளம் கட்டினோம். தாத்தா காலத்துத் திண்ணையை இடிக்க அண்ணன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. நாற்காலி வாங்குவோர் அதன் விலையோடு இந்தச் சிமெண்ட் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பொது இடங்களில் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நான் அடிக்கடி போக வேண்டிய ஓர் அலுவலகத்தில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள். ஐந்தடி நீளத்தில் இரண்டடி உயரம். அதில் மோட்டாரோடு ஏறினால் முன்சக்கரம் தூக்கும், மோட்டார் இல்லாமல் ஏறினால் பின்னால் கவிழும். கட்டிய கொத்தனாருக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை, மேற்பார்வையிட்டவர் அதில் நாற்காலியை ஏற்றிப் பார்க்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 45-ஆம் பிரிவில், ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூன். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல்தன்மைக்கான தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருக்க முடியாது, கட்டாய விதிகளாக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. அந்த அலுவலகத்தின் கடைநிலை ஊழியர் இன்றும் கோப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து என்னிடம் கையெழுத்து வாங்கிச் செல்கிறார்.

சுயமாக வாழ்வது என்றதும் எல்லாவற்றையும் ஒருவரே செய்துகொள்ள வேண்டும் என்று எண்ணுவோர் உண்டு. எனக்குக் காலையில் ஒரு மணி நேரம் அம்மாவின் துணை இன்றும் வேண்டும். அம்மாவுக்கு 68 வயது. அதே 2016 சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சமூகத்தோடு வாழும் உரிமையையும், அதற்குத் தேவையான தனிப்பட்ட உதவியாளர் உள்ளிட்ட ஆதரவுச் சேவைகளைப் பெறும் வழியையும் பேசுகிறது. அப்படிப் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவரை, நானே தேர்ந்தெடுத்து, நானே நேரம் சொல்லி, கட்டுப்படியாகும் ஊதியத்தில் அமர்த்திக்கொள்ளும் ஏற்பாடு எங்கள் ஊரில் வரும் நாளைத்தான் இப்போது நான் எதிர்பார்த்திருக்கிறேன். நாற்காலி என் பகலை எனக்குத் திருப்பித் தந்தது. காலைப் பொழுது இன்னும் அம்மாவின் முதுகுவலியைப் பொறுத்தே விடிகிறது.

யார் எதை வாங்கலாம் என்பதற்கு என் கருத்து இது. கைவலு உள்ளவர், நாள்தோறும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தார்ச்சாலையில் போக வேண்டியவர் என்றால் இரண்டையும் சேர்த்து வாங்கலாம், தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கையில் பாதித் தொகைதான் இருக்கிறது என்றால் மோட்டாரைத் தள்ளிப்போட்டு, முதலில் அளந்து செய்த நாற்காலியை வாங்குங்கள். பொருந்தாத நாற்காலியில் மோட்டாரை மாட்டுவது புண்ணை வேகமாக வரவழைக்கும் வழி. வீட்டை விட்டு அதிகம் வெளியேறாத முதியவருக்கும், எழுந்து நான்கடி நடக்கக் கூடியவருக்கும் இந்த இணைப்பு தேவைப்படாது. வாங்குமுன் பழுதுபார்ப்பு எங்கே, எத்தனை நாளில், உதிரிப்பாகம் யார் அனுப்புவார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இது எந்த நிறுவனத்தின் பொருளுக்கும் பொருந்தும்.

அளவெடுக்கும் நாளன்று நீங்கள் வழக்கமாக உடுத்தும் உடையிலேயே இருங்கள். புடவை கட்டுபவர்கள் புடவையிலேயே அளவு கொடுக்க வேண்டும். கொசுவத்தின் பருமனும் இருக்கையின் அகலத்தில் சேரும். முந்தானையும் கொசுவமும் சக்கரத்தில் சிக்காமலிருக்கப் பக்கத் தடுப்பு கட்டாயம் வேண்டும் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள். நாள்தோறும் போடும் செருப்பையும் அணிந்துகொண்டே உட்காருங்கள், கால்மிதியின் உயரம் அதைப் பொறுத்தது.